‘அபவித்ர: பவித்ரோ வா’ – குளித்துவிட்டு வந்த பிறகும் இதை ஏன் சொல்கிறோம்?

அரைகுறை எழுதியது:

அமாவாசை தர்ப்பணம் செய்கிறவர்களுக்கு இந்த ஸ்லோகம் மனப்பாடமாகவே இருக்கும். ஆசமனம், சுக்லாம்பரதரம், பிராணாயாமம், ‘மமோபாத்த ஸமஸ்த’ எல்லாம் ஆனதும் வரும்.

அபவித்ர: பவித்ரோ வா ஸர்வாவஸ்தாம் கதோபி வா
ய: ஸ்மரேத் புண்டரீகாக்ஷம் ஸ பாஹ்யாப்யந்தர: சுசி:

அப்பா போன பிறகு மாதாமாதம் சொல்லி வருகிறேன். வாத்தியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வதோடு சரி. அர்த்தத்தைச் சமீபத்தில்தான் தேடிப் பார்த்தேன். ‘அசுத்தமானவனோ சுத்தமானவனோ, எந்த நிலையை அடைந்தவனோ, எவன் புண்டரீகாக்ஷனை (தாமரைக்கண்ணனான விஷ்ணுவை) நினைக்கிறானோ அவன் வெளியிலும் உள்ளேயும் சுத்தமானவன்’ என்று இருந்தது.

இதில்தான் குழப்பம். தலைக்குக் குளித்து, மடி வேஷ்டி கட்டி, ஆசமனமும் செய்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறோம். அப்புறம் எதற்கு ‘அசுத்தமானவனோ’ என்று ஆரம்பிக்க வேண்டும்? நினைத்தாலே சுத்தம் வந்துவிடும் என்றால், முதலில் குளியலை எதற்குக் கட்டாயமாக்கினார்கள்? இரண்டில் ஒன்று வீண் வேலை மாதிரி தெரிகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அம்மா படுக்கையில் இருக்கிறார். தினமும் குளிப்பாட்ட முடியவில்லை. குளிக்காமல் ஸ்வாமி பெயரை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு கிடக்கிறார். அவரை இந்த ஸ்லோகத்தைச் சொல்லச் சொல்லலாமா?

தர்ப்பைக்கட்டு எழுதியது:

நல்ல கேள்வி. இந்த ஸ்லோகத்தைத் தனியாகப் பிரித்து எடுத்ததால்தான் பாதிக் குழப்பம். சங்கல்பத்தில், அதாவது காரியத்தைத் தொடங்கும் முன் சொல்லும் உறுதிமொழியில், இதற்குப் பின்னால் இன்னும் இரண்டு ஸ்லோகங்கள் ஒட்டிக்கொண்டு வரும். வாத்தியார்கள் ஓட்டுகிற வேகத்தில் மூன்றும் ஒன்றாகக் காதில் விழும்.

மானஸம் வாசிகம் பாபம் கர்மணா ஸமுபார்ஜிதம்
ஸ்ரீராம ஸ்மரணேனைவ வ்யபோஹதி ந ஸம்சய:

மனத்தாலும் வாக்காலும் செயலாலும் சேர்த்துவைத்த பாவம் ஸ்ரீராமனை நினைப்பதாலேயே விலகும், சந்தேகமில்லை என்பது இதன் பொருள். அடுத்தது:

திதிர் விஷ்ணு: ததா வார: நக்ஷத்ரம் விஷ்ணுரேவ ச
யோகச்ச கரணம் சைவ ஸர்வம் விஷ்ணுமயம் ஜகத்

திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்தும்தான் பஞ்சாங்கம். அந்த ஐந்தும் விஷ்ணு, உலகமே விஷ்ணுமயம் என்கிறது.

இப்போது வரிசையைப் பாருங்கள். முதலாவது, காரியத்தைச் செய்ய உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியது. இரண்டாவது, அவன் முதுகில் தூக்கிக்கொண்டு வந்த மூட்டையைப் பற்றியது. மூன்றாவது, அவன் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றியது. இத்தனைக்கும் பிறகுதான் ‘அத்ய ஸ்ரீபகவத:’ என்று தொடங்கி, ஜம்பூத்வீபம், பாரதவர்ஷம், வருஷத்தின் பெயர், அயனம், ருது, மாதம், பக்ஷம், திதி என்று இடத்தையும் காலத்தையும் சொல்லி ‘கரிஷ்யே’ என்கிறோம். எங்கே, எப்போது, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்வதற்கு முன், ‘செய்யப் போகிற நான் யார்’ என்பதற்கு ஒரு பதில் வேண்டும் அல்லவா? அந்தப் பதில்தான் ‘அபவித்ர:’.

‘இன்னார் மகன், நன்றாகக் குளித்தவன், ஆசாரமுள்ளவன்’ என்று அது நம்மை அறிமுகப்படுத்துவதில்லை. ‘எப்படிப்பட்டவனாக இருந்தாலும் சரி, நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான்’ என்கிறது. அதுதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில். குளித்தவனைக்கூட இந்த ஸ்லோகம் ‘சுத்தம்’ என்று ஒப்புக்கொள்ளவில்லை. ‘அபவித்ர:’ மட்டும் சொல்லியிருந்தால் குளிக்க முடியாதவனுக்கு ஒரு சலுகை என்று எடுத்துக்கொள்ளலாம். ‘பவித்ரோ வா’ என்று சேர்த்ததால் குளித்தவனுக்கும் அதே நிபந்தனை வந்துவிட்டது. அவனும் நினைத்தால்தான் ‘சுசி’.

குளியலை ஏன் கட்டாயமாக்கினார்கள் என்று கேட்டீர்கள். தர்ப்பணம், சிராத்தம், ஹோமம் எல்லாம் விதிப்படி நடக்கும் கர்மாக்கள். அவற்றில் உட்காரத் தகுதி வேண்டும், ஸ்நானம் அந்தத் தகுதியைத் தருகிறது. ஸ்லோகம் பேசுவது வேறு விஷயம். ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எனக்கு ‘ஸர்வாவஸ்தாம்’ ரொம்பப் பிடித்த வார்த்தை. முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, எள்ளும் தண்ணீருமாய்க் கட்டை விரல் பக்கமாக விட்டுக்கொண்டே இருக்கும்போது ‘சர்வ அவஸ்தையும் பட்டவன்’ என்றுதான் காதில் விழும்.

சிரிப்பு போகட்டும். தர்ப்பைக்கட்டு சார், நீங்கள் சொல்லும் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘எந்த நிலையில் இருந்தாலும் நினைத்தால் சுத்தம்’ என்று தினமும் சொன்ன வாய்தான் ‘நீ கிட்டே வராதே, தீட்டு’ என்றும் சொன்னது. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் நுழைய 1939 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருவாங்கூரில் ராஜாவே 1936-ல் பிரகடனம் போட வேண்டியிருந்தது. அங்கெல்லாம் காலையில் சங்கல்பத்தில் இந்த ஸ்லோகம் சொல்லாமல் இருந்திருப்பார்களா? வெளியே நின்றவன் மனசில் புண்டரீகாக்ஷன் இல்லை என்று யார் உள்ளே புகுந்து பார்த்தார்கள்?

ஸ்லோகம் சொல்வது ஒன்று, சொன்னவர்கள் செய்தது ஒன்று. அப்படியென்றால் அந்த ஸ்லோகத்தின் ‘உபயோகம்’ என்ன?

தர்ப்பைக்கட்டு எழுதியது:

கோபம் எதற்கு? நீங்கள் கேட்பதற்கு ஸ்லோகத்தை வைத்துக்கொண்டு மறுப்பு சொல்ல முடியாது. அதில் ஜாதி இல்லை, ஆண் பெண் இல்லை, ‘ய:’ என்றுதான் இருக்கிறது, எவன் எவனோ அவன். மதுரையில் அந்த நுழைவை முன்னின்று நடத்திய வைத்தியநாத ஐயரும் இதே சங்கல்பத்தைச் சொல்லி வளர்ந்த வீட்டில் பிறந்தவர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொன்னதை நம்பியவர்களும் இருந்தார்கள், வாய்ப்பாடாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டாவது கூட்டம்தான் பெரிது. ஒப்புக்கொள்கிறேன்.

கோதாவரிக்கரை எழுதியது:

இடையில் ஒரு நடைமுறைத் தகவல். தமிழ்நாட்டில் இதைத் தர்ப்பண சங்கல்பத்தில்தான் அதிகம் கேட்டிருப்பீர்கள். தெலுங்கு தேசத்தில் எந்தப் பூஜையாக இருந்தாலும் ஆரம்பமே இதுதான். ஸ்லோகத்தைச் சொல்லி, ‘புண்டரீகாக்ஷ புண்டரீகாக்ஷ புண்டரீகாக்ஷ’ என்று மூன்று தடவை சொல்லித் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். வடக்கே இதற்குப் ‘பவித்ரீகரணம்’ என்றே பெயர். உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துச் சொல்லிவிட்டுத் தன் மேலும், பூஜைச் சாமான்கள் மேலும் தெளிப்பார்கள். வங்காளத்தில் துர்கா பூஜைப் பந்தலில் புரோகிதர் ‘விஷ்ணு விஷ்ணு’ என்று ஆசமனம் செய்து, ‘தத் விஷ்ணோ: பரமம் பதம்’ சொல்லிவிட்டு இதற்கு வருவார். சாக்த பூஜையிலும் முதல் சுத்தி புண்டரீகாக்ஷன் பெயரால்தான்.

நம் பக்கத்து சங்கல்பத்தில் தண்ணீர் தெளிப்பது கிடையாது. வெறும் வாயால் சொல்வதுதான். அதனால் இது ஒரு சுத்தி மந்திரம் என்பதே பல பேருக்குத் தெரியாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

நீறணி எழுதியது:

சைவனாக ஒரு வார்த்தை. ‘எல்லோருக்கும் பொது’ என்கிறீர்கள், ஆனால் நினைக்க வேண்டியவர் புண்டரீகாக்ஷன் என்று கட்டிவிட்டார்களே? எங்களுக்கு விபூதி போதும். சாஸ்திரமே ஸ்நானத்தை ஏழாகச் சொல்கிறது. மந்திரம் சொல்லித் தெளித்துக்கொள்வது மாந்த்ரம், மண் பூசுவது பௌமம், திருநீறு பூசுவது ஆக்னேயம், பசுவின் குளம்புத் தூசி படுவது வாயவ்யம், வெயிலோடு பெய்யும் மழையில் நனைவது திவ்யம், முங்கிக் குளிப்பது வாருணம், மனத்தால் இறைவனை நினைப்பது மானஸம். தண்ணீரில் முங்குவது ஏழில் ஒன்றுதான், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை யாரும் வகுப்பெடுத்துச் சொல்வதில்லை.

இந்த ஸ்லோகத்தின் மறுபக்கத்தை அப்பர் பெருமான் சொல்லிவிட்டார்:

கங்கை யாடிலென் காவிரி யாடிலென்
கொங்கு தண்கும ரித்துறை யாடிலென்
ஓங்கு மாகடல் ஓதநீ ராடிலென்
எங்கும் ஈசனெ னாதவர்க் கில்லையே

குளிக்காவிட்டாலும் நினைத்தால் சுத்தம் என்று ஸ்லோகம் சொல்கிறது. எங்கே போய்க் குளித்தாலும் நினைக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று அப்பர் சொல்கிறார். என்னைக் கேட்டால் அப்பர் சொல்வதுதான் இன்னும் கறார். ஸ்லோகம் நல்லவனாகப் பேசுகிறது, இவர் சட்டையைப் பிடித்துக் கேட்கிறார்.

தர்ப்பைக்கட்டு எழுதியது:

அருமை. ‘பவித்ரோ வா’ என்பதற்கு நான் பத்தி பத்தியாக எழுதியதை நாலு வரியில் முடித்துவிட்டார் அப்பர்.

புண்டரீகாக்ஷன் பற்றி: நாங்கள் ஸ்மார்த்தர்கள். ‘ஸ்ரீபரமேஸ்வர ப்ரீத்யர்த்தம்’ என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் ‘ய: ஸ்மரேத் புண்டரீகாக்ஷம்’ வந்துவிடும். யாருக்காகச் செய்கிறோம் என்பதற்குப் பரமேஸ்வரன், செய்கிறவனைச் சுத்தம் பண்ணப் புண்டரீகாக்ஷன். இதில் சண்டை இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

கிழக்குத்திண்ணை எழுதியது:

நீறணி சொன்னதற்கு ஒட்டி ஒன்று. இந்த ஸ்லோகம் சமணர்களிடமும் உண்டு. திகம்பர ஜைனர்களின் தினசரி பூஜைப் பாடத்தில், ‘அபவித்ர: பவித்ரோ வா ஸர்வாவஸ்தாம் கதோபி வா’ என்று அப்படியே வந்து, ‘ய: ஸ்மரேத் பரமாத்மானம்’ என்று திரும்பும். அதற்கு முந்திய ஸ்லோகமும் ‘அபவித்ர: பவித்ரோ வா’ என்றுதான் தொடங்கும். நல்ல நிலையில் இருந்தாலும் கெட்ட நிலையில் இருந்தாலும் பஞ்ச நமஸ்காரம் என்ற ஜைன மந்திரத்தைத் தியானித்தால் எல்லாப் பாவங்களிலிருந்தும் விடுபடுவான் என்பது அதன் கருத்து. ஆக, சட்டகம் ஒன்று, உள்ளே வைக்கிற பெயர் அவரவருடையது. முப்பத்திரண்டு எழுத்து கொண்ட அனுஷ்டுப் சந்தம், புண்டரீகாக்ஷம் இருந்த இடத்தில் பரமாத்மானம் வந்தாலும் எழுத்துக் கணக்கு இடிக்காது.

யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், இழை திசை மாறிவிடும்.

செம்பருத்தி எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியும் அரைகுறையின் கடைசிக் கேள்வியை யாரும் தொடவில்லை. அம்மா சொல்லலாமா கூடாதா?

அதற்கு முன் ஒரு விஷயம். இது வேத மந்திரம் இல்லை. சந்தியாவந்தனத்தில் ‘ஆபோ ஹிஷ்டா மயோபுவ:’ சொல்லித் தண்ணீர் தெளித்துக்கொள்கிறீர்களே, அது ரிக்வேதம், பத்தாம் மண்டலம். அதற்கு ஸ்வரம் உண்டு, உபதேசம் உண்டு, உபநயனம் ஆனவர்கள்தான் சொல்லலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. ‘அபவித்ர:’ புராண நடையில் உள்ள சாதாரண ஸ்லோகம். ஸ்வரம் கிடையாது. விஷ்ணு சஹஸ்ரநாமம் சொல்கிற எந்தப் பெண்மணியும் இதைச் சொல்லலாம். ஆனாலும் இது தர்ப்பணத்துக்குள் உட்கார்ந்துகொண்டதால் ஆண்கள் சமாசாரம் என்றாகிவிட்டது. எங்கள் வீட்டில் என் பாட்டிக்குச் சஹஸ்ரநாமம் முழுக்கத் தெரியும், இது தெரியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே எழுதுகிறேன். மாதத்தில் மூன்று நாள் ‘பெயரைக்கூடச் சொல்லாதே’ என்று வளர்க்கப்பட்ட பெண்கள் இந்த இழையைப் படிக்கிறவர்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு ‘ஸர்வாவஸ்தாம்’ பொருந்துமா பொருந்தாதா? சாஸ்திரம் தெரிந்தவர்கள் மழுப்பாமல் சொல்லுங்கள்.

வெள்ளறை எழுதியது:

மழுப்பாமல் சொல்கிறேன்: பொருந்தும். சொந்த அபிப்பிராயமாக இல்லாமல் ஆதாரத்தோடே சொல்கிறேன்.

கௌரவர் சபைக்கு இழுத்து வரப்பட்டபோது திரௌபதி எந்த நிலையில் இருந்தாள்? ஒற்றை ஆடையோடு, மாதவிலக்கில். அந்த நிலையில் அவள் கூப்பிட்டதாக வைஷ்ணவ ஆசாரியர்கள் எடுத்தாளும் ஸ்லோகம் இது:

சங்க சக்ர கதா பாணே த்வாரகா நிலயாச்யுத
கோவிந்த புண்டரீகாக்ஷ ரக்ஷ மாம் சரணாகதாம்

கவனியுங்கள், அவள் வாயில் வந்த பெயர்களில் ஒன்று புண்டரீகாக்ஷன். அவள் குளித்துவிட்டா வந்தாள்? அந்த ஆசாரியர்களில் ஒருவரான பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணம் என்ற நூலில் இதைத்தான் எடுத்து வைக்கிறார். ‘த்ரௌபதி ஸ்நாதையாயன்றே ப்ரபத்தி பண்ணிற்று’. அவள் நீராடிவிட்டுச் சரணாகதி செய்யவில்லை என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. சுத்தி, அசுத்தி இரண்டையும் தேட வேண்டாம், இருந்தபடியே அதிகாரி என்று முடிக்கிறார். ‘இரண்டையும்’ என்கிறார், கவனம். அசுத்தமாக இருப்பவன் சுத்தத்தைத் தேடிப் போக வேண்டாம், சுத்தமாக இருப்பவன் அசுத்தத்தைத் தேடிப் போகவும் வேண்டாம். ஆசாரத்தை வேண்டுமென்றே மீறிக்காட்டுவதும் அவருக்கு உடன்பாடில்லை.

விபீஷணன் கதையும் அங்கேயே வரும். கடற்கரையில் ராமன் கடலரசனைச் சரணமடைந்தபோது தர்ப்பை விரித்து, கிழக்கு நோக்கி, நியமத்தோடு இருந்தான். அப்படியானால் சரணாகதிக்கு நியமம் உண்டா என்று ஒருவர் கேட்க, நம்பிள்ளை என்ற ஆசாரியர் சொன்ன பதில், இந்த வழியை ராமனுக்குச் சொல்லிக்கொடுத்த விபீஷணன், தான் சரணமடைய வந்தபோது கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்ததாகக் காணோமே என்பது. நியமம் ராமனோடு கூடப் பிறந்த சுபாவம், சரணாகதியோடு பிறந்தது அல்ல.

ஒரு வேடிக்கை, எங்கள் வடகலை வீட்டுத் தர்ப்பண சங்கல்பத்தில் ‘அபவித்ர:’ கிடையாது. ‘அஸ்மத் குருப்யோ நம:’, ‘ஸ்ரீமான் வேங்கடநாதார்ய:’ என்று வேறு வழியில் போகும். ஸ்மார்த்த நண்பர்கள் வீட்டில்தான் இதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் என் பெயரைப் பார்த்தாலே தெரியும், திருச்சிக்குப் பக்கத்தில் திருவெள்ளறையில் பெருமாளின் திருநாமமே புண்டரீகாக்ஷன்தான். நாதமுனிகளின் சீடரான உய்யக்கொண்டார் அந்த ஊரில் பிறந்து அந்தப் பெயரையே வைத்துக்கொண்டவர்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வெள்ளறை, இந்த திரௌபதி மேற்கோளுக்காகவே இழையைச் சேமித்து வைக்கிறேன்.

ஒரு சின்னக் கேள்வி. ஆயிரம் பெயர் இருக்கும்போது, சுத்தம் பண்ண ஏன் கண்ணைச் சொல்லும் பெயர்? கையில் சக்கரம் இருக்கிறது, காலில் கங்கை இருக்கிறது. கங்கையைச் சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

வெள்ளறை எழுதியது:

காலில் கங்கை என்றால் மறுபடி தண்ணீருக்கே போய்விடுவீர்களே!

சஹஸ்ரநாமத்தில் இது 111-ஆவது நாமம். சங்கரர் அதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்கிறார். இதயத்தில் இருக்கும் தாமரையில் நிறைந்திருப்பவன் என்பது ஒன்று, தாமரை போன்ற இரு கண்கள் உடையவன் என்பது மற்றொன்று. முதல் பொருளை எடுத்துக்கொண்டால் ‘ஆப்யந்தர:’ என்ற உள் சுத்தத்துக்கு நேராகப் பொருந்துகிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவனை நினைப்பதால் உள்ளே சுத்தம். இரண்டாவது பொருளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கதையே உண்டு. சாந்தோக்ய உபநிஷத்தில் ‘கப்யாஸம் புண்டரீகம்’ என்று கண்ணை வர்ணிக்கும் இடம் வரும். அதற்குக் குருவான யாதவப் பிரகாசர் சொன்ன தகாத அர்த்தத்தைக் கேட்டு இளம் ராமானுஜர் கண்ணீர் விட்டார், அந்தச் சூடான துளி குருவின் தொடையில் விழுந்தது என்பார்கள். சூரியனால் மலர்ந்த தாமரை என்று ராமானுஜர் பொருள் சொன்னார்.

என் வரையில், நாம் நினைப்பது பாதிதான். அந்தக் கண்கள் நம்மைப் பார்க்கின்றன என்பது மறுபாதி. அழுக்கானவன் மேலும் அந்தப் பார்வை விழும் என்று எடுத்துக்கொண்டால் ஸ்லோகம் இன்னும் நன்றாக இருக்கிறது. இது வியாக்கியானம் இல்லை, என் ஆசை.

எட்டாங்கிளாஸ் எழுதியது:

எல்லோரும் பெரிய பெரிய நூல்களைச் சொல்கிறீர்கள். ‘புறந்தூய்மை நீரான் அமையும் அகந்தூய்மை வாய்மையால் காணப் படும்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை யாரும் சொல்லவில்லையே? பாஹ்யம், ஆப்யந்தரம் இரண்டும் இதில் இருக்கிறது.

தர்ப்பைக்கட்டு எழுதியது:

இருக்கிறது, ஆனால் வள்ளுவர் வேறு வழியில் போகிறார். அவர் வெளிக்கு நீர், உள்ளுக்கு வாய்மை என்று தனித்தனி மருந்து எழுதுகிறார். மனு ஸ்மிருதியிலும் கிட்டத்தட்ட இதே உண்டு, உடம்பு தண்ணீரால், மனம் சத்தியத்தால் என்று. ‘அபவித்ர:’ இரண்டுக்கும் ஒரே மருந்து என்கிறது. குறளின்படி பார்த்தால், பொய் சொல்லிக்கொண்டே புண்டரீகாக்ஷனை நினைப்பவன் கதி என்ன? இந்த ஸ்லோகத்தில் எனக்கு நெருடும் இடம் அது ஒன்றுதான். நினைப்பது என்பதை ‘பெயரை ஒருமுறை வாயால் சொல்வது’ என்று சுருக்கிக்கொண்டால் கணக்குப்பிள்ளை சொன்ன ஆட்களுக்கு இது ஒரு போர்வையாகிவிடும். ஸ்மரணம் என்றால் வாயில் வருவது இல்லை, மனத்தில் நிற்பது. ஆண்டாள் சொல்கிற மாதிரி ‘வாயினால் பாடி மனத்தினால் சிந்திக்க’ என்று இரண்டும் வேண்டும். அந்தப் பாசுரத்தின் பிற்பகுதியும் ‘தூயோமாய் வந்து’ என்று தொடங்கிப் ‘போய பிழையும் புகுதருவான் நின்றனவும் தீயினில் தூசாகும்’ என்று முடிகிறது. தூய்மையோடு வந்தவர்களுக்கும் பிழை இருக்கிறது, பாருங்கள்.

கிழக்குத்திண்ணை எழுதியது:

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ‘அபவித்ரப்பவித்ரோவா’ என்று ஒட்டிச் சொல்லாதீர்கள். ‘அபவித்ர:’ என்று விசர்க்கத்தோடு ஒரு நொடி நிறுத்துங்கள். அப்புறம் ‘சுசி:’ என்பதை ‘ஸுசி’ என்று சொல்பவர்கள் அதிகம், அது ‘சிவ’ என்பதில் வரும் ச. தப்பாகச் சொன்னால் பலன் இல்லையா என்று கேட்காதீர்கள். எந்த நிலையில் இருந்தாலும் என்று சொல்லும் ஸ்லோகத்துக்குப் போய் உச்சரிப்புத் தீட்டு சேர்க்க வேண்டாம்.

புதுவரவு எழுதியது:

சாவுத் தீட்டுக்கும் இது பொருந்துமா? பத்து நாள் காத்திருக்காமல் இதைச் சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் போகலாமா?

தர்ப்பைக்கட்டு எழுதியது:

வீட்டில் உட்கார்ந்து சொல்லலாம், நினைக்கலாம். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தீட்டு காலத்தாலும் கடைசி ஸ்நானத்தாலும் போவது என்றுதான் விதி. இதைச் சொல்லித் தீட்டைக் கழித்துக்கொண்டு கோவில் பூஜைக்கோ ஹோமத்துக்கோ போகிற வழக்கம் கிடையாது. மேலே சொன்ன வித்தியாசம்தான். கர்மாவுக்கான தகுதி வேறு, ஸ்மரணத்தால் வரும் சுத்தம் வேறு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த வித்தியாசம்தான் என்னை உறுத்துகிறது. சுத்தம் ஆகிவிட்டான், ஆனால் உள்ளே வரக்கூடாது என்றால் அது என்ன சுத்தம்? சரி, இதை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.

அரைகுறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. ‘பவித்ரோ வா’ என்பதை இவ்வளவு நாள் சும்மா எதுகைக்குப் போட்டது என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். கணக்குப்பிள்ளையின் கடைசிக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

அம்மாவுக்கு என்ன சொல்லட்டும்? திரௌபதி கதையைச் சொன்னால் கேட்டுக்கொள்வார். ஆனால் ‘அது பெரியவங்களுக்கு, நமக்கு இல்லை’ என்று சொல்லக்கூடியவர்.

செம்பருத்தி எழுதியது:

கதையைச் சொல்லி வாதாட வேண்டாம். அவருக்குப் பழக்கமான ஆசாரத்தின் வழியாகவே போங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பதற்கும் சாஸ்திரத்தில் ‘காபில ஸ்நானம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், முடியாதவர்களுக்கு அதுவே ஸ்நானம். காலையில் வெந்நீரில் துணி நனைத்து முகம், கை, கால் துடைத்துவிடுங்கள். ‘குளித்தாகிவிட்டது அம்மா’ என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. நெற்றிக்கு இட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்து, கோதாவரிக்கரை சொன்ன மாதிரி ஸ்லோகத்தை நீங்கள் சொல்லி அவர் தலையில் ரெண்டு சொட்டு தெளியுங்கள். அப்புறம் அவரை விட்டுவிடுங்கள். எந்தப் பெயர் வாயில் வருகிறதோ அதைச் சொல்லட்டும்.

நீறணி எழுதியது:

விபூதி பூசும் வீடாக இருந்தால் அதை முதலில் பூசிவிடுங்கள். ஆக்னேய ஸ்நானமும் சேர்ந்துவிடும்.

அரைகுறை எழுதியது:

விபூதி வீடுதான். தலைமாட்டிலேயே சம்புடம் இருக்கிறது. நாளைக் காலையில் செய்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று, அம்மாவுக்காக நான் சொல்லும்போது ஆசமனம், பவித்ரம் எல்லாம் வேண்டுமா?

தர்ப்பைக்கட்டு எழுதியது:

தர்ப்பைப் பவித்ரம் வேண்டாம், அது கர்மாவுக்கு. கை கால் கழுவிக்கொண்டு போனால் போதும். ‘சுசி:’ மட்டும் சரியாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிழக்குத்திண்ணை மறுபடி வந்துவிடுவார்.